பேர் பதிந்த மீன்

தேயிலை விலை விழுந்த வருஷம் பிராம்லி எஸ்டேட்டுக்கு ஒரு மீன் வந்தது.

விலை ஏன் விழுந்தது என்று கம்பெனி ஆராய்ந்தது. தன் ஆறு எஸ்டேட் மேனேஜர்களையும் குன்னூரில் ஒரு பெரிய ஓட்டலில் உட்காரவைத்து, வேளாவேளைக்குச் சோறு போட்டு ஆராய்ந்தது. மேனேஜர்களுக்குத் தலைமைப் பண்பு போதவில்லை என்று தெரியவந்தது. ஆளுக்கு ஒரு மீன் கொடுத்து அனுப்பினார்கள்.

பிளவர்ஹார்ன் என்று சாதி. சாண் நீளம். சிவப்பு உடம்பு, விலாவில் மை கொட்டியது போலக் கறுப்புத் திட்டுகள். மண்டைக்கு மேல் இன்னொரு மண்டை வைத்த மாதிரி நெற்றி புடைத்திருக்கும். ஒரு தொட்டியில் ஒன்றைத்தான் விடலாம். இரண்டாவதாக எது வந்தாலும், தன் இனமானாலும், தன் பெட்டையே ஆனாலும், கடித்துக் கொன்றுவிடும். இந்தக் குணத்துக்காகவே சேர்மன் அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

மேனேஜர் ஜஸ்டஸ் துரை அதைப் பங்களாவுக்குக் கொண்டுபோனார். துரையம்மா ஆசையாக வளர்த்த தங்கமீன்கள் ஒரு தொட்டி நிறைய இருந்தன. மறுநாள் தொட்டி இருந்தது. துரையம்மா பேசிய பேச்சைப் பங்களா சமையல்காரன் தொழிலாளர் குடியிருப்பான லைன் முழுக்கச் சொல்லிவிட்டான். அன்று காலை மஸ்டரில், ஆட்கள் கூடிப் பேர் கொடுக்கிற மைதானத்தில், துரை ஒரு பிரசங்கம் செய்தார்.

“இது மீன் இல்லை. லீடர். இனிமே இதோட பேரே லீடர். தன்னைவிடச் சின்னது எதையும் பக்கத்துல விடாது. தன்னைவிடப் பெருசு வந்தா ஓரமா ஒதுங்கி நிக்கும். இதைப் புதுசா யாரும் எனக்குச் சொல்லித்தரலை. சர்வீஸ் முழுக்க நான் செஞ்சதுதான். தலைவன்னா பங்களாவுக்குள்ள ஒளிஞ்சிருக்கக் கூடாது. ஜனங்களோட ஜனமா இருக்கணும். அதனால லீடர் இனிமே லைன்ல இருப்பார்.”

பிராம்லி இத்தலாருக்கு மேலே, உறைபனி விழுகிற உயரத்தில் இருக்கிறது. மீனோ வெதுவெதுப்பில் வாழ்வது. எஸ்டேட்டிலேயே சூடான வீடு எது என்று பார்த்தார்கள். ஃபாக்டரி லைனில் கடைசி வீடு சுடலைமுத்துவினுடையது. அதன் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் இலை உலர்த்தும் டிரையரின் அடுப்பு. அந்த அடுப்புக்கு விறகு தள்ளுகிறவரும் அவர்தான். பின்சுவரை ஒட்டிக் கிடந்த கட்டிலை எடுத்துவிட்டுத் தொட்டியை வைத்தார்கள். கட்டில் சமையல்கட்டுக்குப் போனது. சமையல்கட்டிலிருந்து எதுவும் போக இடமில்லாததால், சுடலைமுத்துவின் மனைவி மூக்கம்மா கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்து சமைத்தாள்.

லீடர் கோழி ஈரல் தின்றது. இங்கேதான் ஹெட்கிளார்க் பொன்ராஜுக்கு ஒரு சிக்கல். கம்பெனிக் கணக்கில் மீனுக்குத் தீனி என்று ஒரு தலைப்பு கிடையாது. தொழிலாளர் நலன் என்று இருந்தது. நலன் செய்யவேண்டுமென்றால் ஒரு தொழிலாளர் வேண்டும். பொன்ராஜ் யோசித்து, செக்ரோலில், ஆட்களின் பேரேட்டில், லீடருக்குப் பேர் பதிந்தார். பிரிவு, ஃபாக்டரி. வேலை, இதர வேலை.

பேர் பதிந்தால் மஸ்டருக்கு வரவேண்டும்.

“அது தண்ணிக்குள்ள இருக்குதுங்க, கிளார்க்கையா,” என்றார் சுடலைமுத்து.

“தண்ணியோட கொண்டா. பேர் கூப்பிட்டா ஆளு நேர்ல நிக்கணும். இல்லீன்னா நாளைக்கு ஆளாளுக்கு ஊட்ல படுத்துக்கிட்டுப் பேர் குடுப்பானுங்க.”

வெந்நீர் கலந்த வாளியில் லீடரைத் தூக்கிக்கொண்டு சுடலைமுத்து தினமும் மஸ்டருக்குப் போனார். “லீடர்!” என்று பொன்ராஜ் கூப்பிடுவார். “வந்திருக்குதுங்க,” என்பார் சுடலைமுத்து. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் சும்மா இருப்பார்களா?

“ஏனுங் மாமா, இன்னைக்கு லீடரு எந்தக் காட்டுல கொழுந்தெடுக்குது?”

“அது எங்க கண்ணு எடுக்குது? மேஸ்திரி வேலைதான். சும்மா மொறைக்கும்.”

ஒருநாள் துரை வாளிக்குள் குனிந்து, “குட் மார்னிங்,” என்றார். லீடர் எழும்பி அவர் டையைப் பிடித்துக்கொண்டது. அன்றோடு மூத்த ஊழியர் என்கிற முறையில் அதற்கு மஸ்டரிலிருந்து விலக்கு கிடைத்தது. அடுத்த மாதம், பேர் பதிந்த எல்லோருக்கும் கொடுக்கிற கம்பளி லீடருக்கும் வந்தது.

சுடலைமுத்துவுக்கு வயதாகி ரிட்டயர்மென்ட் வந்தது. மாலை போட்டார்கள். ஒரு டின் தேயிலைத்தூள் கொடுத்தார்கள். தூள் இரண்டாந்தரம். துரை பேசினார். “சுடலைமுத்து நமக்கெல்லாம் தகப்பன் மாதிரி. தகப்பனை யாரும் வேலைக்கு வெச்சுக்கறதில்லை.” எல்லோரும் கைதட்டினார்கள். மாலையைக் கழற்றுவதற்குள் பொன்ராஜ் பக்கத்தில் வந்தார்.

“சுடலை, மாசக் கடைசிக்குள்ள ஊட்டைக் காலி பண்ணிரணும்.”

எஸ்டேட் சட்டம் அது. எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீடு வேலைக்கு. வேலை நின்றால் வீடும் போகும். சுடலைமுத்து அந்த வீட்டில்தான் பிறந்தார். மூக்கம்மா அவருக்கு முன்னமே கொழுந்துக் கூடையை இறக்கி ரிட்டயர் ஆகிவிட்டாள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். ஒரே அறை. அதில் அவனும் அவன் பெண்டாட்டியும் மாமனார் மாமியாரும் இருந்தார்கள். அவன் போனில் சொன்னான், “வாங்கப்பா, நின்னுக்கலாம்.”

சுடலைமுத்து ஆபீஸ் வாசலில் போய் நின்றார். துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். பொன்ராஜ் செக்ரோலைப் புரட்டினார். பிறகு, “உன் ஊட்டுல பேர் பதிஞ்ச ஆளு யாராச்சும் இருந்தா, ஊடு அவங்க பேருக்கு மாறும். நீங்க அவங்களை அண்டி இருந்துக்கலாம்,” என்றார்.

“யாருமில்லீங்களே.”

“இருக்குது.”

“எங்களை விட்டா மீனுதானுங்க.”

“நானும் அதைத்தான்யா சொல்றேன்.”

அப்படியாக வீடு லீடருக்கு அலாட் ஆனது. சுடலைமுத்துவும் மூக்கம்மாவும் லீடரைச் சார்ந்து வாழ்வோர் என்று ஆனார்கள். இந்த யோசனை ஹெட் ஆபீஸுக்குப் பிடித்துப்போனது. ரிட்டயர் ஆனவர்கள் சம்பளமில்லாமல் மீன் பார்ப்பார்கள். சர்க்குலராக ஆறு எஸ்டேட்டுக்கும் போனது.

அன்று வீட்டுக்கு வந்த சுடலைமுத்து, “அதுக்குச் சாப்பாடு ஆச்சா?” என்று கேட்கவில்லை. “அவருக்குச் சாப்பாடு ஆச்சா?” என்று கேட்டார்.

“எவருக்கு?” என்றாள் மூக்கம்மா.

வீட்டுக்காரர் வந்துவிட்டால் வீட்டுக்கு விதிகளும் வரும். தொட்டி இருக்கும் வீட்டில் மிளகாய் வறுக்கக் கூடாது, நெடி ஆகாது. ரேடியோ வைக்கக் கூடாது. மீன்குழம்பு கூடவே கூடாது, சக ஊழியரின் மனம் புண்படும். சுவரில் சுடலைமாடன் படம் மாட்டியிருந்தது. அதன் கண்ணாடியில் தன் நிழலைப் பார்த்தால் லீடர் வேறு மீன் என்று நினைத்துப் பாயும், தொட்டியில் மண்டையை இடிக்கும். படத்தைத் திருப்பி மாட்டச் சொன்னார்கள். காவல் தெய்வம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஒருநாள் ஈரல் போடும்போது லீடர் மூக்கம்மாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்தது. சதை தொங்கிற்று. துணியைச் சுற்றிக்கொண்டு இருவரும் டிஸ்பென்சரிக்குப் போனார்கள். கம்பவுண்டர் கட்டுப்போடத் துணியை எடுத்தார். பிறகு நினைவு வந்தவராக வைத்துவிட்டார்.

“பேர் பதிஞ்சவர் யாரு?”

“லீடருங்க.”

“அவரைக் கூட்டிட்டு வாங்க. சார்ந்து வாழறவங்க தனியா வந்தா மருந்து குடுக்கறதில்லை.”

சுடலைமுத்து ஃபாக்டரி லைனுக்கு இறங்கி, லீடரை வாளியில் எடுத்துக்கொண்டு மேடு ஏறி வந்தார். கம்பவுண்டர் வாளிக்குள் எட்டிப் பார்த்துத் திருப்தியடைந்தார்.

“எப்படிக் காயம்?”

“கடிச்சதுங்க.”

“எது?”

“பேர் பதிஞ்சவர்தானுங்க.”

கம்பவுண்டர் பேனாவை மூடினார். “இது குடும்பத் தகராறு. டிஸ்பென்சரி தலையிடாது. ஊட்டுக்குள்ளயே பேசித் தீத்துக்கங்க.”

இறங்கி வரும் வழியில் மூக்கம்மா வாளியைப் பார்த்தாள். வழியோரத்துப் புதரைப் பார்த்தாள். மறுபடி வாளியைப் பார்த்தாள்.

“வேண்டாம், மூக்கு,” என்றார் சுடலைமுத்து.

“நான் என்ன சொன்னேன்?”

“சொல்லலை.”

“நாலு பச்சமொளகா, கொஞ்சம் புளி. அவ்வளவுதான் செலவு.”

“குழம்பு வெச்சுருவே. எந்த ஊட்டுல உக்காந்து திங்கறது?”

அவள் காயமில்லாத கையால் வாளியைத் தாங்கிப் பிடித்தாள்.

தை மாதம் உறைபனி இறங்கியது. காலையில் தேயிலைச் செடிகள் உப்புப் பூத்தாற்போல் நின்றன. வெயில் ஏறியதும் கருகின. கொழுந்து இல்லை. ஃபாக்டரியை மூடினார்கள். அடுப்பு அணைந்தது. பின்சுவர் முதலில் வெதுவெதுப்பானது. பிறகு சுவரானது. தொட்டிக்குக் கம்பெனி கொடுத்த ஹீட்டர், கரண்ட் இருக்கும்போது வேலை செய்யும். கரண்ட் இல்லை.

லீடர் அடியில் போய்ச் சாய்ந்தது. சிவப்பு வெளுத்தது. சுடலைமுத்து பங்களாவுக்கு ஓடினார்.

“அடுப்பைக் கொஞ்சம் பத்த வெச்சுக்கறனுங்க, தொரை. ரெண்டு கட்டை போதும்.”

துரை கணப்பு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். “இலை இல்லாம அடுப்பு எரிச்சா அது ஆடம்பரம். தலைவன் எளிமையா இருக்கணும். கஷ்டகாலத்துல ஜனங்களோட சேர்ந்து குளிரணும். அதுதான் அவருக்கும் பெருமை, எனக்கும் பெருமை.” சற்று யோசித்துவிட்டுச் சொன்னார், “ஆனா சாகக் கூடாது. செத்தா நீதான் பொறுப்பு.”

சுடலைமுத்து வீட்டுக்கு வந்து அண்டாவில் வெந்நீர் போட்டார். தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். வெந்நீரைக் கையால் பதம் பார்த்து உள்ளே விட்டார். லீடரின் கம்பளியைத் தொட்டிக்குச் சுற்றினார். போதவில்லை. தங்கள் கம்பளிகளையும் சுற்றினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் சாக்கைப் போர்த்திக்கொண்டு, தங்களைக் கடித்த மீன் பிழைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விறகு தீர்ந்தது. கட்டிலின் ஒரு காலை எடுத்தார். பிறகு மற்ற கால்கள்.

உச்சிவேளையில் மூக்கம்மா எழுந்து சுடலைமாடன் படத்தைத் திருப்பி, தொட்டிக்கு முன்னால் பிடித்தாள். கண்ணாடியில் தன் நிழலைக் கண்ட லீடர் மெதுவாகத் திரும்பியது. ஒருமுறை வாலை அடித்தது. பாய்ந்து வந்து மண்டையை இடித்தது.

“சாமி காப்பாத்திருச்சுங்க,” என்றாள் மூக்கம்மா. “யாரைன்னுதான் தெரியலை.”

பனியில் மீனைக் காத்தது ஹெட் ஆபீஸ் வரைக்கும் எட்டியது. துரைக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. கூடவே இன்னொரு செய்தியும் வந்தது. குன்னூர் ஓட்டலில் வருடாந்திர மாநாடு. ஆறு எஸ்டேட் லீடர்களும் வரவேண்டும். ஒரே தொட்டியில் விடப்படுவார்கள். அதற்கு ஒற்றுமைத் தொட்டி என்று பேர். சிறந்தவர் கோயம்புத்தூர் ஹெட் ஆபீஸ் வரவேற்பறைக்குப் போவார்.

பொன்ராஜிடம் கேட்டார் சுடலைமுத்து. “ஒண்ணா விட்டா அடிச்சுக்குமுங்களே.”

“ஆறு பேரும் லீடருங்க. பேசிக்குவாங்க.”

“எங்களது செத்துப்போச்சுன்னா?”

“பேரை வெட்டிருவோம்.”

“ஜெயிச்சுட்டா?”

“ஹெட் ஆபீஸ் போயிருவாரு. இங்கே பேரை வெட்டிருவோம்.”

“ஊடு?”

பொன்ராஜ் செக்ரோலை மூடிவைத்தார். நல்ல மனுஷன். முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுவார்.

மாநாட்டு மண்டபத்தில் ஒற்றுமைத் தொட்டி மேடைமேல் இருந்தது, லாரி நீளத்துக்கு. முன்வரிசையில் டைரக்டர்கள். அடுத்து துரைமார். பின்சுவரோரமாக, மடியில் மீனின் கம்பளியை மடித்து வைத்துக்கொண்டு, மீன் பார்க்கிறவர்கள். சுடலைமுத்துவுக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, கூடலூர்ப் பக்கம் ஓவேலி எஸ்டேட். தபித்தாள் என்று பேர். புருஷன் இல்லை. கூடையிறக்கி ஒரு வருஷம் ஆகிறது.

“அண்ணே, உங்க மீனு எப்படி?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“கெட்டதும்மா.”

“எங்களது கொஞ்சம் பாவம். சத்தம் கேட்டா கல்லுக்கு அடியில போயிரும். மத்ததுகளைப் பார்த்தா பயப்படும்.”

“பயந்தா பொழைச்சுக்கும்.”

“அப்படிங்கறீங்களா?” கம்பளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “கர்த்தர் பார்த்துக்குவார்.”

சேர்மன் எழுந்தார். “நம் கம்பெனி ஒரு குடும்பம். குடும்பத்தில் யார் யாரைச் சாப்பிட்டாலும் அது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே போவதில்லை. இதைத்தான் நான் ஒற்றுமை என்கிறேன்.”

கைதட்டலுக்கு நடுவே ஆறு வாளிகளையும் கவிழ்த்தார்கள்.

ஒரு கணம் எல்லா மீன்களும் அசையாமல் நின்றன. துரைமார் பெருமையாகச் சிரித்தார்கள். பிறகு தண்ணீர் கொதித்தது. சுடலைமுத்து எழுந்து நின்று பார்த்தார். ஜெயிக்கவும் கூடாது, சாகவும் கூடாது. எந்தச் சாமியிடம் இப்படி வேண்டிக்கொள்வது? கோழையா இரு, ஓடிப் பதுங்கு என்று லீடரைக் கெஞ்சினார். அது அவர் ஈரல் போட்டு, வெந்நீர் ஊற்றி, கட்டிலை எரித்து வளர்த்த மீன். பதுங்கவில்லை.

முதலில் அது போனது கல்லுக்கு அடியில் இருந்த ஓவேலி மீனிடம்.

தபித்தாள் கம்பளியை நான்காக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள். “அண்ணே, கூடலூருக்கு இப்ப பஸ் இருக்கா?” என்று கேட்டாள். அவள் பின்கதவு வழியாகப் போனாள்.

டைரக்டர்களுக்குச் சூப் வந்தது. அதைக் குடித்துக்கொண்டே பார்த்தார்கள். சாப்பாடு வருவதற்குள் முடிந்துவிட்டது. தண்ணீர் தெளிந்தபோது ஒன்றுதான் நீந்திக்கொண்டிருந்தது. பிராம்லியினுடையது. ஒரு கண் இல்லை. வாய் கிழிந்து தொங்கியது. புடைத்த நெற்றி பிளந்திருந்தது.

ஜஸ்டஸ் துரை எழுந்து நின்று கைகூப்பினார்.

சேர்மன் தொட்டியைப் பார்த்தார். “நமக்கு இது ஒரு பாடம்,” என்றார். “ஆறு இருந்த இடத்தில் ஒன்று போதும் என்று தெரிகிறது. எதற்கு ஆறு மேனேஜர்? இன்றுமுதல் ஆறு எஸ்டேட்டுக்கும் ஒரே மேனேஜர்.” ஜஸ்டஸ் துரை டையைச் சரிசெய்துகொண்டார். சேர்மன் தொடர்ந்தார். “சண்டை போட்டவர்களுக்குக் காயம் இருக்கும். காயம் பட்டவர்கள் நிர்வாகத்துக்கு ஆகமாட்டார்கள். சண்டையே போடாத ஒருவரை நியமிக்கிறேன்.” அவருடைய தங்கை மகன் எழுந்து வணக்கம் சொன்னான். பையனுக்கு மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது.

மீனைக் காட்டி ஒருவர் கேட்டார், வரவேற்பறைக்கு அனுப்பலாமா என்று.

“இந்த முகத்தையா? வருகிறவன் பயந்துவிடுவான். எங்கிருந்து வந்ததோ அங்கேயே கொண்டுபோகச் சொல்.”

சுடலைமுத்து வாளியை எடுத்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை.

பிராம்லியில் பங்களாச் சாமான்கள் லாரியில் ஏறின. துரையம்மா முன்சீட்டில் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜஸ்டஸ் துரை ஆபீஸுக்கு வந்தார். உட்காரவில்லை. உட்காரச் சொல்லவும் யாருமில்லை.

“பொன்ராஜ், பங்களா விலாசத்துல யார் பேராவது பதிஞ்சிருக்கா? சமையல்காரன், தோட்டக்காரன், யாராவது?”

“அவங்களுக்கெல்லாம் லைன்ல ஊடுங்க, தொரை.” பொன்ராஜ் நிமிர்ந்தார். நல்ல மனுஷன், கூச்சப்பட்டார். ஆனாலும் சொன்னார். “மீனு அங்கேயே இருந்திருந்தா நீங்களும் இருந்துக்கலாம். நீங்கதான் ஜனங்களோட இருக்கட்டும்னு அனுப்பிச்சிட்டீங்க.”

லாரி இறங்கிப் போனது.

ஃபாக்டரி லைன் கடைசி வீட்டில் லீடர் எதையும் தின்னவில்லை. கிழிந்த வாயால் பிடிக்க முடியவில்லை. ஈரலைக் காட்டினால் குருட்டுக் கண் பக்கமாகத் திரும்பிக்கொண்டது. சுடலைமுத்து படத்தைக் காட்டினார். பாயவில்லை. ஓவேலிக்காரி எந்தப் பஸ்ஸில் போயிருப்பாள் என்று யோசித்துக்கொண்டே தொட்டிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். கட்டில்தான் இல்லையே.

மூக்கம்மா ஈரலை அம்மியில் வைத்து மையாக அரைத்தாள். விரலில் வழித்தாள். தழும்பு ஏறிய அதே விரல். தண்ணீருக்குள் விட்டு, லீடரின் கிழிந்த வாயில் வைத்து, தள்ளினாள்.

“ஜாக்கிரதை,” என்றார் சுடலைமுத்து.

அவள் முகம் சுருங்கியது. தண்ணீரில் ஒரு சிவப்பு நூல் எழும்பியது. ஈரலின் சிவப்பு இல்லை.

“கடிக்குதா?”

“கடிக்குதுங்க,” என்றாள் மூக்கம்மா. விரலை எடுக்கவில்லை. “நல்லாவே கடிக்குது.”